மாலை கழற்றிய அன்று சாயங்காலம்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் ஊர் வழியாகக் குமுளிக்குப் போகும் வண்டிகளின் சரண கோஷம் ராத்திரி 2 மணிக்கும் ஓயாது. கம்பத்தில் என் மருந்துக்கடை பெரிய ரோட்டின் மேலேயே இருக்கிறது. அந்த இரண்டு மாதமும் கால்வலித் தைலமும் காய்ச்சல் மாத்திரையும்தான் அதிகம் போகும். கூடவே ஒரு பேச்சும் வருடா வருடம் தவறாமல் வரும். பேசுகிறவர் அநேகமாக ஒரு பெண்ணாக இருப்பார். வீட்டுக்காரருக்கோ மகனுக்கோ ஏதாவது வாங்க வந்திருப்பார். "மாலை போட்டா 48 நாளும் தொடாமத்தான இருக்காரு? அப்ப முடியுதுல்ல? மத்த நாள்ல குடிச்சா அது வியாதியா, கொழுப்பா?"

என் அத்தை, தாய்மாமாவின் மனைவி, இதை 20 வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் மருந்தாளுநர் படிப்பு முடித்து வந்த புதிதில், குடிநோய் மூளை சம்பந்தப்பட்ட வியாதி என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், "சர்க்கரை வியாதிக்காரன் மாலை போட்டா சர்க்கரை இறங்கிருமா?" என்றார். எனக்கு வாய் அடைத்துப்போனது. அப்புறம் எவ்வளவோ படித்தேன், பார்த்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி செருப்புக்குள் மாட்டிய சிறுகல் மாதிரி உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

மண்டல விரதம் 41 நாள்தான் என்று விவரம் தெரிந்த குருசாமிகள் சொல்வார்கள். எங்கள் பக்கம் அது எப்படியோ 48 ஆகிவிட்டது. எத்தனை நாளாக இருந்தாலும் மாமாவின் கணக்கில் முக்கியமானது கடைசி நாள்தான். மலைக்குப் போய்வந்து, குளித்து, பாட்டி கையால் மாலையைக் கழற்றிச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, மத்தியானம் கறிச்சோறு, சாயங்காலம் மதுக்கடை. ஒரு வருடம்கூட இந்த முறை பிசகியதில்லை.

ஸ்டெடி

மாமா திராட்சை மண்டியில் லோடுமேன். மண்டியில் அவருக்குப் பெயரே 'ஸ்டெடி'. எத்தனை போட்டாலும் ஆள் அசையமாட்டார். ஒரு கல்யாண வீடு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல்நாள் ராத்திரி மண்டபத்துக்குப் பின்னால் உட்கார்ந்த ஏழெட்டுப் பேரில் மற்றவர்கள் வாந்தியெடுத்து, அங்கங்கே துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். விடியற்காலையில் வாழைக்கட்டை அவிழ்த்துப் பந்திக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தது மாமா மட்டும்தான். கத்தி ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. பத்து வயதில் எனக்கு அது வீரமாகத் தெரிந்தது. தாத்தாவும் அப்படித்தானாம். சாராயம் குடித்துவிட்டுக் கமலை ஓட்டினாலும் வடம் பிசகாது என்று பாட்டியே பெருமையாகச் சொல்வாள்.

வெகுநாள் கழித்து மார்க் ஷக்கிட் என்ற மனநல மருத்துவரின் ஆய்வைப் படித்தபோதுதான் அந்த வாழை இலைக் காட்சி வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. அவர் அமெரிக்காவில் சான் டியாகோவைச் சேர்ந்தவர். 20 வயதை ஒட்டிய பையன்களைக் கூப்பிட்டு, எடைக்குத் தகுந்தபடி அளந்து மது கொடுத்து, எவ்வளவு தள்ளாடுகிறார்கள், எவ்வளவு போதையை உணர்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார். பாதிப் பேர் குடிநோயாளிகளின் மகன்கள், மீதிப் பேர் அப்படி இல்லாதவர்கள். சுமார் 10 வருடம் கழித்து அவர்களைத் திரும்பவும் தேடிப் பிடித்தார். குடிநோயாளிகளின் மகன்களில், அன்று மது அவ்வளவாக உறைக்காதவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோய்க்குள் விழுந்திருந்தார்கள். நன்றாக உறைத்தவர்களிலோ 14 சதவீதம்தான். 1994இல் இது வெளியானது. யோசித்தால் இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. போதும் என்று உடம்பு சத்தம் போடுவது யாருக்குக் கேட்கவில்லையோ, அவர் அடுத்த கிளாஸை எடுக்கிறார். தனக்கு ஈடுகொடுக்கிற ஆட்களோடுதான் அவர் உட்காரவும் செய்வார். மண்டபத்துக்குப் பின்னால் வாந்தியெடுத்துப் படுத்தவர்களை நாங்கள் அன்று கேலி செய்தோம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

குடிநோய் வருவதில் ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரைக்கு உண்டு என்று இரட்டையர்களையும் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காகத் தாத்தா குடித்தால் பேரன் குடித்தே தீருவான் என்று இல்லை. எனக்கும் அதே தாத்தாதான். எனக்கு ஒரு பீரிலேயே தலை சுற்றும். அப்பா வழி போலிருக்கிறது.

மூன்றாம் நாள்

இது நடந்து 9 வருடம் ஆகிறது. அந்த வருடமும் கார்த்திகை முதல் தேதி மாலை. முதல்நாள் ராத்திரி, இனி 48 நாளைக்குக் கிடையாது என்பதால், வழக்கத்துக்கு மேலேயே ஆகியிருந்தது. விடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளித்து மாலை போட்டுக்கொண்டார். நெற்றியில் சந்தனம் வைக்கப் போன கை, புருவத்தில் வைத்தது. கை நடுங்குவது வருடா வருடம் நடப்பதுதான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் விடியற்காலை குழாயடியில் வலிப்பு வந்தது. கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். வலிப்பு நின்றது. குளிர்ந்த தண்ணீரில் குளித்ததால் வந்தது என்று முடிவுகட்டினார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குருசாமி வீட்டு மாடியில் பஜனை. நானும் போயிருந்தேன். மாமா முன்வரிசையில் உட்கார்ந்து, தன் கறுப்பு வேட்டியிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். எறும்பு என்றார். குனிந்து பார்த்தேன், எறும்பு இல்லை. கொஞ்ச நேரத்தில் சுவரைப் பார்த்து, செத்துப்போன கூட்டாளி ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உடம்பெல்லாம் வேர்வை, நடுக்கம், கண் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. யாரோ "சாமியே!" என்று ஓங்கிக் குரல் கொடுத்தார்கள். அவ்வளவுதான். பாட்டின் வேகம் ஏறியது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கற்பூரத் தட்டோடு வந்தார். அத்தை கைகூப்பி நின்றார், கண்ணில் தண்ணீர். 11 வருட விரதத்துக்கு இன்றைக்குத்தான் சாமி இறங்கியிருக்கிறது.

நான் என்ன செய்தேன்? நானும் கைகூப்பித்தான் நின்றேன். குடியைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் வரும் இந்தச் சித்தப்பிரமைக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர் என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். புத்தகத்தில் இருந்தது அந்த மாடியில் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

கண்டுபிடித்தவர் குருசாமி. பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருப்பவர், ஐந்தாவது வரை படித்தவர். ஜால்ராவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, மாமாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இது சாமி இல்ல. உடம்பு சரக்கு கேக்குது. வண்டிய எடுங்கப்பா" என்றார். கற்பூரத் தட்டுக்காரர், "அபசாரம் சாமி, அப்பிடிச் சொல்லாதீங்க" என்று தடுத்தார். குருசாமி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டே சொன்னார். "எங்கண்ணனுக்கும் இப்பிடித்தான் வந்துச்சு. வேப்பிலை அடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். விடியறதுக்குள்ள போயிட்டான்."

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயது டாக்டர். முதலில் தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1. அதற்கப்புறம்தான் குளுக்கோஸ். வெகுநாள் குடித்தவர் உடம்பில் பி1 வற்றிக் கிடக்கும், அதைப் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்கே ஆபத்தாகலாம். பிறகு மூளையை அமைதிப்படுத்தும் லோராசிபாம். விடிகிற நேரத்தில் மாமா தூங்கிப்போனார். மாலையைக் கழற்ற வேண்டுமா என்று அத்தை கேட்டதற்கு, "அது பாட்டுக்கு இருக்கட்டும்மா" என்றார் டாக்டர்.

அப்புறம் எங்களுக்கு விளக்கினார். பொங்கலுக்குக் கயிறு இழுக்கும் போட்டி நடக்கிறதே, அதுதான் கணக்கு. சாராயம் மூளையை ஒரு பக்கம் அமுக்கி இழுக்கிறது. மூளை சும்மா இருக்காமல் எதிர்ப்பக்கம் ஆளைச் சேர்த்து இழுக்கிறது. வருடக்கணக்கில் இழுத்து இரண்டும் சமமாகி நிற்கும்போது, ஒரு நாள் காலையில் இந்தப் பக்கத்துக்காரர்கள் கயிற்றை விட்டுவிட்டால் எதிர்ப்பக்கம் என்ன ஆகும்? மல்லாக்க விழும். அதுதான் நடுக்கம், அதுதான் வலிப்பு, அதுதான் இல்லாத எறும்பு. லோராசிபாம் கொடுப்பது, இந்தப் பக்கம் தற்காலிகமாக நாலு ஆளை நிறுத்திக் கயிற்றை மெதுவாக விடுவதற்கு.

"எத்தனை வருசமா இப்பிடித் திடீர்னு நிறுத்துறாரு?" என்று கேட்டார் டாக்டர். "11 வருசம் சார். ஒரு வருசம்கூடத் தவறினதில்ல" என்றார் அத்தை. அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். இப்படி மொடாக்குடியை ஒவ்வொரு முறையும் திடீரென்று நிறுத்தி, திரும்ப ஆரம்பித்து, திரும்ப நிறுத்தும்போது மூளை முன்னைவிடச் சுலபமாகப் பற்றிக்கொள்கிறதாம். சுள்ளி பற்றுகிற மாதிரி. முதலில் நடுக்கத்தோடு போனது, சில வருடத்தில் வலிப்பாகும், அப்புறம் இது. நிறுத்துவது தப்பில்லை, வைத்தியம் இல்லாமல் நிறுத்துவதுதான் தப்பு. 1970களிலிருந்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அன்று அந்த பெஞ்சில் நான் பார்த்தது அத்தையின் முகத்தை. அவர் 'முடியுதுல்ல' என்பதற்குச் சாட்சியாக வைத்திருந்தது அந்த 11 விரதங்களைத்தான்.

தெருவுக்குள்ளேயே வேறு ஊர்

மூன்றாம் நாளுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ஆனால் அத்தையின் கேள்விக்கு இது பாதிப் பதில்கூட இல்லை. நடுக்கம் நின்ற பிறகு நாலாம் நாளிலிருந்து 48ஆம் நாள் வரை மாமாவால் எப்படி அவ்வளவு சுலபமாக இருக்க முடிந்தது? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த மாதிரியே தெரியாது. சந்தோஷமாகத்தான் இருப்பார்.

எனக்கு இதில் வெளிச்சம் காட்டியது வியட்நாம் போர். 1971இல் அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏராளமானோர் ஹெராயினில் விழுந்துவிட்டார்கள் என்று அந்த நாடே பயந்தது. ஊருக்குப் போகிற விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் சிறுநீர்ப் பரிசோதனை, அதில் தேறாதவர்களை நிறுத்திவைத்துத் தெளியவைத்த பிறகே அனுப்புவது என்று ஏற்பாடு செய்தார்கள். லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர், திரும்பிப் போனவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகவே இருந்ததாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஊர் திரும்பிய முதல் வருடத்தில் திரும்பவும் அடிமையானது அவர்களில் 5 சதவீதம் பேர்தான். பலர் இதை நம்பவே இல்லை. ஹெராயின் அதேதான், ஆளும் அதே ஆள்தான். மாறியது இடம், கூட்டாளிகள், பொழுது, என்ன வேலைக்காக விடிகிறது என்பது.

மாலையும் இதைத்தான் செய்கிறது, விமானச் சீட்டு இல்லாமல். போட்டுக்கொண்ட நிமிடத்திலிருந்து பெயரே மாறிவிடுகிறது, பெற்ற தாயே 'சாமி' என்கிறாள். உடுப்பு மாறுகிறது. விடியற்காலைக் குளியல், சாயங்காலக் குளியல், ஏழு மணிக்குப் பஜனை. முக்கியமாக, நேற்று வரை "வாடா ஒரு கட்டிங்" என்று தோளில் கை போட்டவன் இன்று தூரத்திலேயே ஒதுங்கி, கையைக் கூப்பிவிட்டுப் போகிறான். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய கஷ்டமே மாமாவுக்கு இல்லை, யாரும் கேட்பதே இல்லையே. 48 நாளும் அவர் அதே தெருவில் வேறு ஊரில் இருந்தார். சிப்பாய்கள் வியட்நாமை விட்டுக் கிளம்பினார்கள், திரும்பவில்லை. மாமாவின் வியட்நாமோ, அவர் வீட்டிலிருந்து 300 அடியில் இருந்தது. மாலை கழற்றிய அன்று சாயங்காலம் அவர் அங்கேதான் திரும்பினார்.

1973இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆனா என்ற சின்ன ஊரில் ஜார்ஜ் ஹன்ட், நேதன் ஆஸ்ரின் என்ற இருவர் செய்த பரிசோதனையும் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. அரசு மனநல மருத்துவமனையில் இருந்த முற்றிய குடிநோயாளிகள் 16 பேர். எட்டுப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மற்ற எட்டுப் பேருக்கு அதோடு கூடவே வேலை தேடிக் கொடுத்தார்கள், வீட்டில் சமாதானம் பேசினார்கள், பேப்பருக்குச் சந்தா கட்டினார்கள், போன் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு பழைய சாராயக் கடையையே எடுத்து, மது இல்லாத மன்றமாக்கி, சீட்டாட்டம், நடனம், சாப்பாடு என்று நடத்தினார்கள். வெளியே வந்த பிறகு வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் 79 சதவீத நாட்கள் குடித்தார்கள், இவர்கள் 14 சதவீதம். பதினாறே பேர் என்பதால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் அதற்கப்புறம் பல இடங்களில் இதே வழியைப் பெரிதாகச் செய்து பார்த்து, நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். நம் பஜனை மடத்தில் நடனம் கிடையாது, மற்றபடி வித்தியாசம் குறைவு. அவர்களுடையதில் கழற்றும் தேதி இல்லை, அவ்வளவுதான்.

சரி, அத்தையின் சர்க்கரைக் கேள்விக்கு வருகிறேன். கடையிலேயே பல வருடமாகப் பார்க்கிறேன், மாலை போட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு நிஜமாகவே சர்க்கரை இறங்குகிறது. ஒரு வேளைச் சோறு, வெறுங்காலில் நடை, நேரத்துக்குத் தூக்கம். வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு மயங்கி விழுந்தவர்கள்கூட உண்டு. தை மாதம் திரும்ப ஏறிவிடும். அதற்காகச் சர்க்கரை வியாதியைக் கொழுப்பு என்று யாரும் சொல்வதில்லை. 2000இல் தாமஸ் மெக்லெல்லனும் அவர் சகாக்களும் ஜாமா மருத்துவ இதழில் இதைத்தான் எழுதினார்கள். போதை நோயைச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமாவோடு வைத்துப் பாருங்கள், பரம்பரைப் பங்கும் சரி, மருந்தை விட்டுவிட்டுத் திரும்பச் சறுக்குவதும் சரி, ஏறக்குறைய ஒரே மாதிரிதான் என்றார்கள். அத்தையிடம் இதைச் சொன்னேன். "அப்ப சர்க்கரைக்காரனுக்கும் கொழுப்புத்தான்" என்றார்.

கடைக்கு வரும் பெண்கள் கேட்கும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "தெரியாம சோத்துல கலந்து குடுக்குற மருந்து இருக்காமே?" அவர்கள் கேட்பது டைசல்ஃபிரம். 1940களில் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகப்சன் என்ற இருவர் குடற்புழுவுக்கு மருந்து தேடி, தாங்களே அதை விழுங்கிப் பார்த்துவிட்டு, பிறகு மது குடித்தபோது முகம் சிவந்து, படபடத்து, உடம்பு முடியாமல் போனதில் கண்டுபிடித்தது. ஈரல் மதுவை உடைக்கும்போது நடுவில் வரும் நஞ்சை மேலே உடையவிடாமல் அது தடுக்கிறது. தெரிந்து, சம்மதித்து, வீட்டில் ஒருவர் கையால் தினமும் வாங்கிப் போட்டுக்கொள்கிறவருக்கு நல்ல மருந்து. தெரியாமல் கலந்தால், மாமா மாதிரி ஆள் வழக்கம்போல அரை பாட்டிலை இறக்குவார், ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். டாக்டர் சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையாவது கிடைத்திருக்கிறது. மீதி 37 வீட்டுப் பெண்கள் சோற்றில் கலக்கத்தானே வழி தேடுவார்கள்.

அந்த வருடம் மாலை கழற்றிய அன்று சாயங்காலம் 5 மணிக்கெல்லாம் குருசாமி மாமா வீட்டு வாசலில் நின்றார். "சாமி, டீக்கடையில கிளாஸ் கழுவ ஆள் வரல. செத்த வாங்க." கடை ராத்திரி 10 மணிக்கு மூடும். 10 மணி வரை மாமா கிளாஸ் கழுவினார். மறுநாளும் ஆள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அப்படி ஓர் ஆளே கிடையாது என்பது மாமாவுக்கு எப்போது தெரிந்தது என்று தெரியவில்லை.

கதை அப்படியே சுபம் ஆகிவிடவில்லை. சித்திரைத் திருவிழாவில் நாலு நாள் குடித்தார். அந்த முறை வீட்டில் படுக்கவைத்து நிறுத்தாமல் நேராக டாக்டரிடம் கொண்டுபோனோம், நடுக்கம்கூடப் பெரிதாக வரவில்லை. நால்ட்ரெக்ஸோன் எழுதிக் கொடுத்தார். குடித்தாலும் கிறுகிறுப்பின் ருசியைக் குறைக்கும் மாத்திரை அது. அதற்குப் பிறகு இரண்டு முறை சறுக்கினார். இரண்டு முறையும் குருசாமி திட்டவில்லை, காரணமும் கேட்கவில்லை, ஆட்டோவோடு வந்தார். கோவாவில் மனநலப் படிப்பு எதுவும் படிக்காத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, குடிப்பவர்களோடு நாலு முறை வரை உட்கார்ந்து பேசவைத்தார்கள். மூன்று மாதத்தில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள், பேச்சு இல்லாதவர்களில் 26 சதவீதம். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அது முற்றாத நிலையில் இருந்தவர்களுக்கானது, மாமா அந்தக் கட்டத்தைத் தாண்டியவர். ஆனாலும் படிக்கும்போது குருசாமி ஜால்ராவைக் கீழே வைத்த சத்தம்தான் எனக்குக் கேட்டது.

மாமா இன்னும் டீக்கடைக்குப் போகிறார். இப்போது கிளாஸ் கழுவுவதில்லை, கல்லாவில் உட்காருகிறார். கை நடுங்காமல் சில்லறை எண்ணுகிறார். ஊரில் அவரை 'ஸ்டெடி' என்று கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். குருசாமி மட்டும் ஆனி, ஆடியிலும் 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறார்.

போன ஐப்பசி கடைசியில் அத்தை மாத்திரை வாங்க வந்திருந்தார். கவுன்ட்டரில் இன்னொரு பெண், முப்பது வயது இருக்கும், இடுப்பில் குழந்தை. வீட்டுக்காரர் ஒண்ணாம் தேதி மாலை போடப்போவதாகச் சொல்லிவிட்டு, வழக்கமான அந்தப் பேச்சை ஆரம்பித்தாள். மாலை போட்டா இருக்க முடியுதுல்லண்ணே, அப்ப மத்த நாள்ல… நான் அத்தையைப் பார்த்தேன். ஆமாம் போடுவார் என்றுதான் நினைத்தேன்.

"காலையில எந்திரிச்ச உடனே அவருக்குக் கை நடுங்குதா?" என்று கேட்டார் அத்தை.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்ப மாலை போடுறதுக்கு முன்னாடி புதன்கிழமை கூட்டிட்டு வா. நானும் வாரேன்" என்றார். புதன்கிழமைதான் அந்த டாக்டர் வருகிற நாள்.